வங்கிக் கட்டடத்தின் உடைந்த விளிம்பு

நர்மதாவின் கணவன் லட்சுமணன் கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவன். உயரமான கட்டடங்களுக்கு வர்ணம் அடிப்பான், சுவரில் முளைத்த செடிகளை வெட்டுவான். துறைமுகத்துக்கு எதிரே, வெள்ளைக்காரன் காலத்து வங்கியில் ஒருநாள் அந்த வேலை வந்தது. செங்கல் கட்டடம். கூர்வளைவுச் சன்னல்கள், மூலைக்கொரு சிறு கோபுரம், கூரைக்குக் கீழே இலையும் பூவுமாகச் சுதையில் செய்த விளிம்பு. கடலுப்பு தின்று அந்த விளிம்பு உள்ளே மாவாகிக் கிடந்தது யாருக்கும் தெரியாது. அரசங்கன்றின் வேரைப் பிடித்து இழுத்தான். விளிம்பு பெயர்ந்தது, கயிறு கட்டியிருந்த கைப்பிடிச் சுவரும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

ஒப்பந்தக்காரர் கையை விரித்துவிட்டார். வங்கி மேலாளர்தான் இரக்கப்பட்டு நர்மதாவுக்குக் கூட்டித் துடைக்கும் வேலை கொடுத்தார்.

"புருசன கொன்ன கட்டடத்துக்கே போறியே, ஒனக்கு மனசு எப்டி வருது?" என்று வியாசர்பாடிக் குடியிருப்பில் கேட்டார்கள். மகள் மதிக்கு அப்போது நான்கு வயது. நர்மதா மறுநாளே வேலைக்குக் கிளம்பினாள்.

அவனை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று. மிச்சமிருந்தது அந்த இடம்தான். பல் விழுந்த வாய் மாதிரி விளிம்பில் ஒரு பள்ளம். தினமும் வாசலில் நின்று அதை அண்ணாந்து பார்ப்பாள். "மதி பத்தாவது பாசாயிட்ச்சு," என்று பல வருடம் கழித்து ஒருநாள் அதனிடம் மெதுவாகச் சொன்னாள்.

பிறகு கட்டடத்தைப் பழையபடி புதுப்பிக்க ஆள் வந்தது. சாரம் கட்டினார்கள். நர்மதா பொறியாளர் ரூத்திடம் போய் நின்றாள்.

"மேடம், அந்த ஒடஞ்ச எடத்த மட்டும் அப்டியே வுட்டுடுங்க. எங்கூட்டுக்காரு அங்கதான் வுயிந்தாரு."

ரூத்துக்கு முகம் வாடிவிட்டது. "விட்டா இன்னொருத்தர் தலைல விழும்மா," என்றாள். நர்மதா வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திறப்பு விழாவன்று சாரம் இல்லை. விளிம்பு முழுக்க ஒரே மாதிரி இலை, ஒரே மாதிரி பூ. ஐந்தாவது சன்னலுக்கு மேலா, ஆறாவதா? பள்ளம் இருந்தவரை எண்ண வேண்டிய தேவையே வரவில்லை. அங்குமிங்கும் நடந்து பார்த்தாள். எதுவும் பிடிபடவில்லை.

"ஓரமா நில்லும்மா, போட்டோ எடுக்கறாங்க," என்றான் காவலாளி.

அந்த மாதத்தோடு வேலையை விட்டாள். இப்போது காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறாள்.

"நெயல்ல கெடச்ச வேலய வுட்டுட்டு ஐசுல கைய வச்சிகினு கீற. இன்னாத்துக்கும்மா?" என்று மதி கேட்டாள்.

"அங்க எனக்கு யாரும் இல்ல," என்றாள் நர்மதா.

மதிக்கு அது விளங்கவில்லை. நகக்கண்ணில் சீழ் கட்டியிருந்த விரல்களை இழுத்துப் பிடித்து, மஞ்சள் குழைத்துப் போட்டாள். எரிந்திருக்க வேண்டும். நர்மதா கையை இழுத்துக்கொள்ளவில்லை.