மாப்பிள்ளைக்கு ஒரு லேப்டாப்

அந்தத் தெருவில் அவனுக்குப் பெயர் மாப்பிள்ளை. போட்டோ ஸ்டுடியோக்காரரின் ஒரே மகளைக் கட்டியவன் என்பதால் முதலில் மாமனார் அப்படிக் கூப்பிட்டார். பிறகு பக்கத்து மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார். கொஞ்ச நாளில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருகிறவர்கள்கூட, "மாப்ள, முகம் கறுப்பா விழுந்திருக்கே, கொஞ்சம் வெளுத்துக் குடுங்க" என்று உரிமையோடு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருமுறை ஒரு பெரியவரிடம், "நான் உங்களுக்கு எந்த வழியில மாப்ள?" என்று கேட்டுப் பார்த்தான். "தெருவுக்கே நீங்கதானே மாப்ள" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதோடு கேட்பதை விட்டுவிட்டான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவன் வேறு ஊரில் ஒரு சின்ன டிவி கம்பெனியில் எடிட்டர். கல்யாணமான கையோடு கம்பெனியை மூடிவிட்டார்கள். "வேற வேலை கிடைக்கிற வரைக்கும் இங்கயே இருங்க மாப்ள. கீழ கடை, மேல வீடு. நமக்கென்ன குறைச்சல்?" என்றார் மாமனார். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த 'வரைக்கும்' இழுத்துக்கொண்டே போய் ஏழு வருஷமாகிவிட்டது.

கடைக்குள்ளிருந்தே மாடிக்குப் படி இருந்தது. காலையில் இறங்குவான், மத்தியானம் ஏறுவான், மறுபடி இறங்குவான். தெருவில் கால் வைக்காமலே நாள் கழியும். வெயில் அடிக்கிறதா மழை பெய்கிறதா என்பதைக் கடைக்கு வருகிறவர்களின் குடையைப் பார்த்துத் தெரிந்துகொள்வான்.

அவன் வேலை செய்தது பழைய டார்க் ரூமில். பிலிம் கழுவிய காலத்தில் வெளிச்சம் வரக்கூடாது என்று கட்டிய அறை, ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் கறுப்பு பெயின்ட். அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி, ஒரு டேபிள் ஃபேன். அடுத்தவர் வீட்டுக் கல்யாணங்களை அங்கே உட்கார்ந்துதான் வெட்டி ஒட்டினான். யாரென்றே தெரியாத மனிதர்கள் சாப்பிடுவதையும் கை குலுக்குவதையும் நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, சில சமயம் தெருவில் யாரையாவது கண்டால் தெரிந்தவர் போலத் தலையாட்டிவிடுவான். அவர்கள் முழிப்பார்கள்.

மாமனார் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கேட்டால் கொடுப்பார், கேட்காமலும் கொடுப்பார். சட்டை எடுத்தால் ஒரே துணியில் இரண்டாக எடுப்பார், தனக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. இரண்டு பேரும் கோடு போட்ட சட்டையில் கல்லாவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கொடுக்காதது ஒன்றே ஒன்றுதான். சம்பளம். "வீட்டு மனுஷனுக்கு எதுக்கு? வேணுங்கறப்ப கல்லாவுல எடுத்துக்குங்க" என்பார். கல்லாவின் முன்னால் அவர்தான் உட்கார்ந்திருப்பார்.

ஒரு கல்யாண சீசன் நடுவில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. திரையில் ஒரு மணமகன் பாதிச் சிரிப்பில் உறைந்து நின்றான்; அப்புறம் நீலம்; அப்புறம் ஒன்றுமில்லை. வந்து பார்த்த மெக்கானிக், "இதுக்கு இனிமே பார்ட்ஸே வராது" என்று கையை விரித்துவிட்டார்.

மாமனார் சாயங்காலம் வரை யோசித்தார். "இந்தத் தடவ லேப்டாப்பாவே வாங்கிடலாம், இடத்த அடைக்காது. எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க மாப்ள. உங்களுக்குத்தானே தெரியும்" என்றார்.

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனை யாரும் எதையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. குளியலறை வாளிகூட அவன் வருவதற்கு முன்பே வாங்கியதுதான். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தவன் இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு மாடலாக அலசினான். ப்ராசஸர், ராம், திரையின் நிறம், யாரோ எங்கேயோ எழுதி வைத்த குறைகள், எல்லாவற்றையும் படித்தான். சலித்தெடுத்ததில் கடைசியில் இரண்டு நின்றன. விலை ஏறக்குறைய ஒன்று.

ஒன்று பெரிய திரை வைத்தது. தனி கிராபிக்ஸ் கார்டு, அசுர வேகம். ஆனால் கனம். சார்ஜரே செங்கல் அளவு. கரண்டில் மாட்டியே வைத்திருக்க வேண்டும். கழற்றினால் கொஞ்ச நேரத்தில் மூச்சை விட்டுவிடும். மற்றது ஒல்லி, ஒரு கையால் தூக்கலாம். வேகம் சற்றுக் குறைவு, ஆனால் எடிட்டிங்குக்குத் தாராளமாகப் போதும். ஒருமுறை சார்ஜ் போட்டால் பகல் முழுக்கத் தாங்கும்.

கல்யாண வீடியோவுக்குப் பெரியதே சரி. அதை வாங்கி டார்க் ரூமில் வைத்துவிட்டால் கதை முடிந்தது. அப்படித்தான் முடிவு செய்யப் போனான். அதற்குள் பழைய நண்பனிடமிருந்து போன் வந்தது. டிவி கம்பெனியில் பக்கத்து நாற்காலியில் இருந்தவன்.

"டேய், உயிரோடதான் இருக்கியா? நான் சொந்தமா ஒரு குரூப் ஆரம்பிச்சிருக்கேன்டா. மீன்பிடி, உப்பளம், கல்குவாரின்னு வேலை செய்றவங்களப் பத்திச் சின்னச் சின்னப் படம். போற இடத்துலயே உக்காந்து எடிட் பண்ணணும். ரெண்டு வாரம் வெளியூர், ரெண்டு வாரம் வீடு. வர்றியா?"

"நானா?"

"பின்ன உன் மாமனாரயா கேக்குறேன்? ஒரே ஒரு விஷயம், மெஷின் நீதான் கொண்டு வரணும். என்கிட்ட இருக்கறது ஒண்ணுதான்."

அவன் பிடி கொடுக்காமல் பேசிவிட்டு வைத்தான். ஆனால் அன்றிலிருந்து அந்த ஒல்லி லேப்டாப்பைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவது போலவும், உப்புக் குவியல்களுக்கு நடுவில் ஏதோ ஒரு கொட்டகையில் அதைத் திறப்பது போலவும் நினைத்துக்கொண்டான். மாமனாரிடம் சொல்லக் காரணங்களைச் சேர்த்தான். கலர் நல்லா வரும். கரண்ட் செலவு குறையும். ஃபேன் சத்தம் கிடையாது. ஒவ்வொன்றும் உண்மைதான். உண்மைகளை அடுக்கிக்கொண்டே பொய் சொல்லப் போகிறோம் என்பது அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

கடைக்கு அவனும் மனைவியும் மாமனாரும் போனார்கள். இரண்டு மாடலும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. விற்பனைப் பெண் முதலில் மாமனாரிடம்தான் கேட்டாள்: "சார், யூஸ் பண்ணப் போறது யாரு?"

"கடைக்கும்மா" என்றார் அவர்.

அவன் கலரைப் பற்றிச் சொன்னான். கரண்டைப் பற்றிச் சொன்னான். மாமனார் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். ஆயிரம் முகங்களை லென்ஸ் வழியாகப் பார்த்த மனிதர். எதிரில் இருப்பவன் எப்போது உண்மையாகச் சிரிக்கிறான், எப்போது போட்டோவுக்காகச் சிரிக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். ஒல்லியானதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஊர் ஊராப் போறவங்களுக்கு ஏத்தது. இல்லையாம்மா?"

"ஆமா சார், டிராவல் பண்றவங்கதான் அதிகமா எடுப்பாங்க" என்றாள் விற்பனைப் பெண்.

"நாம எங்க போறோம்? பெருசயே போட்டுடலாமா மாப்ள?"

சரி என்று சொல்ல அவன் தலை ஆடத் தொடங்கிவிட்டது. அப்போதுதான், அதுவரை ஹெட்போன்களைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள்:

"அப்பா, அவருக்கு அந்தச் சின்னதுதான் புடிச்சிருக்கு. அதையே வாங்கிக் குடுங்க."

மாமனார் மகளைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். "அதுக்கென்ன, வாங்கிட்டாப் போச்சு" என்றார். பில்லில் என்ன பெயர் போடுவது என்று விற்பனைப் பெண் கேட்டபோது, ஸ்டுடியோ பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அவன் அதைக் காதில் வாங்கவே இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தபோது, அது பிறந்த குழந்தையின் கனம்கூட இல்லை என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டான். "நீ ஏன் அப்படிச் சொன்ன?"

"அன்னிக்குப் படியில உக்காந்து போன்ல பேசும்போது நீங்க சிரிச்சீங்க. யார்கிட்ட பேசினீங்கன்னு தெரியாது. அந்தச் சிரிப்ப நான் கேட்டு ரொம்ப நாளாச்சு." அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அவன் எதிர்பார்க்காதது நடந்தது. லேப்டாப் லேசாக இருந்ததால் வேலை அதோடு சேர்ந்து படியேறி வந்துவிட்டது. "மேலயே உக்காந்து முடிச்சிடுங்களேன் மாப்ள, இனிமே அந்த இருட்டு ரூம்லயே கெடக்கணும்னு என்ன?" என்றார் மாமனார் கரிசனத்தோடு. சாப்பாட்டு மேஜையில் ஒரு மணமகள். கட்டிலில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. கல்யாண மண்டபத்துக்கே தூக்கிக்கொண்டு போய், விருந்து முடிவதற்குள் ஐந்து நிமிஷ வீடியோ போட்டுக் காட்ட வேண்டும்; அது வாடிக்கையாளர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய் ஆர்டர் குவிந்தது. முன்பாவது டார்க் ரூம் கதவைச் சாத்தினால் அன்றைய வேலை முடிந்தது. இப்போது சாத்துவதற்குக் கதவே இல்லை.

நண்பன் மறுபடி கூப்பிட்டான். "என்னடா, வர்றியா இல்லையா? திங்கக்கிழமை கிளம்புறோம்."

அன்று சாயங்காலம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கல்லாவுக்கு முன்னால் போய் நின்றான்.

"மாமா, ரெண்டு வாரம் வெளியூர்ல ஒரு வேலை வந்திருக்கு. போயிட்டு வரலாம்னு இருக்கேன்."

சண்டை வரும் என்று நினைத்திருந்தான். சண்டைக்குத் தயாராகவும் இருந்தான். மாமனார் சிரித்தார்.

"தாராளமாப் போயிட்டு வாங்க. இதென்ன ஜெயிலா? நான் யாரு உங்களத் தடுக்க?" என்றவர், ரசீதுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "லேப்டாப்ப மட்டும் வச்சிட்டுப் போயிடுங்க. கடை மெஷின் ஆச்சே. அது இல்லாம இங்க ஒரு நாள் ஓடாது. ஆள் யாரையாவது போட்டுப் பாத்துக்கறேன்."

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கடைக்காசு, கடை பில், கடை மெஷின். ஏழு வருஷமாக உழைத்தவனிடம் தன்னுடையது என்று சொல்ல ஒரு மௌஸ்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நண்பனுக்குப் போன் செய்தபோது, "மெஷின் இல்லாம நீ வந்து என்னடா பண்ணுவ?" என்றான் அவன், வருத்தமாகத்தான். திங்கட்கிழமை அவர்கள் வேறொருவனோடு கிளம்பிப் போனார்கள்.

ஒரு வாரம் போனது. பிறகு ஒரு காலையில், கடை திறந்த நேரம், மாமனார் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, எனக்கு மாசச் சம்பளம் போட்டுக் குடுங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. லேப்டாப்புக்கும் வெளியூருக்கும் அசராத மனிதர் இதற்கு உடைந்துபோனார். "சம்பளமா? நான் உங்கள வேலைக்காரனாவா வச்சிருக்கேன்?"

"வேலைக்காரனா இருந்திருந்தா இத்தன நாள்ல ஒரு மெஷின் வாங்கியிருப்பேன் மாமா."

மாடியில் மாமியார் அழுதார். "அப்படி என்ன குறை வச்சோம்?" என்று மகளிடம் கேட்டார். மகள் யார் பக்கமும் பேசாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மாமனார் ஒத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. ஆட்கள் முன்னால் "எடிட்டர் சார்" என்றார். அடுத்த முறை சட்டை எடுத்தபோது ஒன்றுதான் எடுத்தார். அந்தக் கோடு போட்ட சட்டைகளை ஒருநாளும் விரும்பி உடுத்தாதவனுக்கு அது இவ்வளவு வலிக்கும் என்று தெரியாது.

சம்பளம் பெரிதாக ஒன்றுமில்லை. அதிலும் மாதாமாதம் கொஞ்சம் தனக்கென்று ஒரு லேப்டாப் வாங்க ஒதுக்கி வைத்தான். மாமனாருக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்த இரண்டு மாதம் கடை முழுவதும் அவன் தலையில் விழுந்தது. அப்போது வெளியே போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நண்பன் எப்போதாவது அனுப்பும் படங்களைப் பார்ப்பான். வெட்டு ஒன்றிரண்டு இடத்தில் சரியில்லை என்று தோன்றும். சொல்லமாட்டான்.

போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "சேத்துக்கிட்டு வர்றீங்களே, எந்த மாடல்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"எங்க? முதல்ல பாத்து வச்சது இப்ப வர்றதே இல்லையாம். அடுத்து ஒண்ணு பாத்தேன், அதையும் நிறுத்தப் போறாங்களாம். நான் சேக்குற வேகத்துக்கு அவங்க நிக்க மாட்டேங்கறாங்க."

அவள் ஒரு தலையணை உறையை உதறினாள். "கையில காசு வர்றப்ப எது இருக்கோ அத வாங்குவோம். வாங்கிட்டுப் போவோம்."

போவோம் என்று சொன்னாள். தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாளா, பேச்சுவாக்கில் அப்படி வந்துவிட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்க வாயெடுத்தான். கேட்டால் அவள் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கிவிடுவாள் என்று பயமாக இருந்தது. மடித்த துணிகளை வாங்கி அலமாரியில் அடுக்கினான். கீழேயிருந்து மாமனார், "எடிட்டர் சார், ஸ்கூல்காரங்க வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தார். லேப்டாப்பை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.