ஆடியில் பிரித்து வைத்த கலைமான்

அன்றைக்கு மான் தோட்டத்து வாசலில் நின்றவர்கள்: ஜமீன்தாரின் அக்கா, எல்லாருக்கும் பெரிய நாச்சியார். அவருக்குக் குடை பிடிக்கும் வேலைக்காரி. காரியஸ்தர். என் வீட்டுக்காரர்; மான்களைப் பார்ப்பது அவர் வேலை. படல் கட்ட வந்த கூலியாட்கள் இரண்டு பேர். புல் அறுத்துப் போடும் நான். வேலிக்கு உள்ளே பெரிய கலைமான், பெட்டைகள், பிறகு நான் வளர்த்த ஆண்குட்டி.

ஆடி முதல் தேதி. ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம்.

தோட்டம் ஆற்றங்கரையில் இருந்தது. துரைமார் வந்தால் காட்டுவதற்காக மயில், மிளா, புள்ளிமான் எல்லாம் வைத்திருந்தார்கள். நாச்சியாருக்குப் புள்ளிமான்தான் பிரியம். ஆனால் இரண்டு வருஷமாகக் குட்டி தங்கவில்லை. பிறந்தது எழுந்து நிற்காது. நின்றாலும் பால் குடிக்காது. சித்திரை வெயிலில் பிறப்பதால் சாகிறது என்று நாச்சியார் முடிவு கட்டிவிட்டார். வீடுகளில் ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள், சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று. மானுக்கும் அப்படிச் செய்யச் சொன்னார். நாங்கள் ஞானஸ்நானம் வாங்கிய வேதக்காரர்கள், எங்களுக்கு ஆடி கிடையாது. ஆனாலும் எங்கள் தெருவில் வெளியே சொல்லாமல் செய்கிறவர்கள் இருந்தார்கள்.

காரியஸ்தர் சிரிக்காமல் சொன்னார்.

"இத்தனை பொண்ணுக்கும் தாய்வீடு எங்கன இருக்கு? மாப்பிள்ளைய வெளியேத்திருவோம்."

மானுக்குச் சினை எட்டு மாதம், மனுஷக் கணக்கு அதற்குச் சேராது என்று என் வீட்டுக்காரர் பைய எடுத்துச் சொன்னார். நாச்சியார் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். இவர் படலைத் தூக்கப் போய்விட்டார்.

ஒரு மூலையை மூங்கில் படலால் அடைத்துப் பெரிய கலையை அதற்குள் விட்டோம். ஆண்குட்டியை யாரும் சேர்த்து எண்ணவில்லை. களக்காட்டு மலையடியில் செந்நாய் தாயைத் தின்றுவிட, விறகுக்குப் போனவர்கள் தூக்கி வந்த குட்டி அது. ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்தேன். இரண்டு வயசு ஆகியும் என் முந்தானையைச் சப்பும். கொம்பு ஒரு சாண்தான் இருக்கும். அது பிள்ளைதானே, உள்ளேயே கிடக்கட்டும் என்றார் நாச்சியார். எல்லாருக்கும் அது பிள்ளைதான்.

பெரிய கலை படலோரம் நடக்கத் தொடங்கியது. இந்த முனை, அந்த முனை. போட்ட புல்லை மிதித்துக்கொண்டு நடந்தது. தரையில் தடம் விழுந்தது. சாரல் பெய்து தடத்தில் தண்ணீர் நின்றது. தண்ணீரிலும் நடந்தது. அதைப் பார்த்து எனக்கும் கால் தரிக்கவில்லை. அரிவாளைத் தீட்டுவேன், கீழே வைப்பேன், வேலிக்குப் போவேன். உலையை வைத்துவிட்டு வந்து நிற்பேன். சோறு குழைந்தது. வீட்டுக்காரரும் வேலியில்தான் நின்றார்.

ஆடி பாதியில் பிள்ளை என் முந்தானையைத் தேடி வருவதை நிறுத்தியது. பெட்டைகளை மோந்துகொண்டு பின்னால் திரிந்தது. பெட்டைகளும் அதற்கு நின்றன. படலுக்குள் கிழட்டுக் கலை அதைப் பார்த்துக்கொண்டே நடந்தது.

வீட்டுக்காரர் இதைக் காரியஸ்தரிடம் சொன்னார். நாச்சியார் சொல்லாமல் படலைத் தொட முடியாது என்றார் அவர். நாச்சியார் குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருந்தார்.

ஆவணி பிறந்ததும் படலைப் பிரித்தோம். கிழடு நேரே போய்ப் பிள்ளையை முட்டியது. பிள்ளையும் விடவில்லை. கொம்போடு கொம்பு கோத்துக்கொண்டு சுற்றின. நாங்கள் கம்பை எடுத்து நடுவில் போவதற்குள் பிள்ளையின் தொடை கிழிந்து ரத்தம் குளம்பு வரை வந்துவிட்டது. படலை மறுபடி கட்டி, இப்போது பிள்ளையை அடைத்தோம். இதுவும் நடந்தது, நொண்டிக்கொண்டு.

காரியஸ்தர் வந்து பார்த்தார்.

"ரெண்டும் ஒரு தோட்டத்துல நிக்காது. கிழட்டை விடமுடியாது, அது கொம்பப் பாக்கத்தான் துரைமார் வாராவ. சின்னத அரண்மனை அடுப்படிக்கு அனுப்பிரு லே."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். காரியஸ்தர் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை.

"ஐயா, அது நான் பால் குடுத்தது. கறிக்குக் குடுக்க மாட்டேன். மலையில விட்டிருங்க."

"மலையில சிறுத்தை திங்கும்."

"அது சிறுத்தை பாடு."

அவர் முகம் கறுத்தது. ஆனாலும் போய் நாச்சியாரிடம் சொன்னார். தொடை ஆறட்டும், பிறகு வண்டி தருகிறேன் என்று நாச்சியார் சொல்லி அனுப்பினார். புண் ஆறுகிற வரைக்கும் எனக்குத் தூக்கம் சரியில்லை. அவர் மனசு மாறிவிடுமோ என்று இருந்தது.

மாறவில்லை. களக்காடு தாண்டி மலையடியில் வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டோம். அது காட்டைப் பார்க்கவில்லை. வண்டி மாட்டுக்குப் போட்ட வைக்கோலைத் தின்றுகொண்டு நின்றது. என் குரல் கேட்டால் பின்னால் வந்துவிடும், பேசாமல் முன்னால் நட என்றார் வீட்டுக்காரர். நடந்தேன். ஊருக்குள் வருகிற வரை பேசவில்லை.

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. புல் அறுக்கும்போது நின்று நின்று மேற்கே பார்ப்பேன். மழைக்காலம் போயிற்று. பெட்டைகளின் வயிறு இறங்கியது. மாசியில் வேலியைச் சுற்றினேன். பங்குனியிலும் சுற்றினேன்.

பங்குனியில் குட்டிகள் விழுந்தன. விழுந்த நாழிகையிலேயே எழுந்து நின்றன. காரியஸ்தர் வந்து பார்த்துவிட்டு, ஆடியில் பிரித்து வைத்த பலன் என்று நாச்சியாரிடம் ஆள் விட்டார். இனி வருஷாவருஷம் பிரிக்க வேண்டும் என்று நாச்சியாரிடமிருந்து பதில் வந்தது. எங்களுக்குச் சேலையும் வேட்டியும் வந்தன.

வீட்டுக்காரர் வேலியில் சாய்ந்து விரலை மடக்கினார். பங்குனியிலிருந்து பின்னால் எண்ணி ஆடிக்கு வந்தார்.

"ஏட்டி, கிழடு அப்ப படலுக்குள்ள கிடந்துச்சு. இது அத்தனையும் உன் பிள்ளைக்குப் பொறந்தது."

"ஆமா."

"இம்புட்டு நாளும் கிழடு தான் பெத்த பொட்டையவே கூடுச்சு. அதான் தங்கல. இவன் வெளிய இருந்து வந்தவன்லா. வாற ஆடியில பிரிச்சா உள்ள யாரு இருக்கா?"

குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. படுத்திருப்பது எதுவும் உண்டா என்று வேலியை ஒருதரம் சுற்றி வந்தேன். இல்லை. எண்ணினேன்.

ஏழு.