பேர் போடாத புழு

ஆழ்கடல் புழுவின் மரபணுவைப் படிக்கிறவளுக்கு வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. கேள்வி கேட்கிறவர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டால், ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாமல் ரசத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும் தொழில்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகம் கேரளக் கடற்கரையில் இருக்கிறது. அம்மா இருப்பது பந்தலூர் மலையில், நெல்லியாளத்தைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். தேயிலை விலை சரிந்த அந்த வருஷங்களில் தோட்டத்தை மூடிவிட்டார்கள். லயத்தில் பாதிக் குடும்பங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போய்விட்டன. அப்பா இல்லை. அம்மாவைத் தனியாக அங்கே விட்டுவைக்க எனக்கு மனசில்லை. எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று லீவு கிடைத்தபோதெல்லாம் மலை ஏறினேன். அம்மா பிடிகொடுக்கவே இல்லை. அந்தப் போக்குவரத்தில் என் புழுக்கள் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

சாவடியில் ஒரு சந்தேகம்

என் வேலை என்னவென்று லயத்துப் பெண்களுக்குக் காட்ட ஆசைப்பட்டு, ஒரு தடவை ஆய்வு முடிந்து மிச்சமான புழு ஒன்றைக் கண்ணாடிக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி எடுத்துப் போனேன். நாடுகாணி சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஏறிய போலீஸ்காரருக்குப் புழு தெரியவில்லை, ஸ்பிரிட் வாசனை மட்டும் தெரிந்தது. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. சாராயம் கடத்துகிறவளின் முகம் எனக்கு இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் அங்கேயே பாடம் எடுத்தேன். கடலுக்கு அடியில், வெயிலே எட்டாத ஆழத்தில், தரை பிளந்து சுடுதண்ணீரும் அழுகின முட்டை நாற்றமடிக்கும் வாயுவும் கக்குகிற ஊற்றுகள் உண்டு. மற்ற உயிர்களுக்கு விஷமான அந்த இடம்தான் இந்தப் புழுக்களுக்கு ஊர். இதற்கு வாய் கிடையாது, குடல் கிடையாது. உடம்புக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வாயுவைக் கொண்டே சமைத்துப் போட்டுவிடும். அவர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜாக்கிரதையாக என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வாயும் இல்ல, வயிறும் இல்லீங்களா? குடுத்து வெச்ச ஜென்மமுங்க. மூடியை இறுக்கிப் போட்டுக்கங்க."

கொசு வைத்தியம்

'புழு படிச்ச பொண்ணு வந்திருக்கு' என்ற செய்தி எனக்கு முன்னால் மலை ஏறிவிடும். தோட்டத்துக்குப் பக்கத்தில் சொந்தமாக இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருந்த பழனிச்சாமி அண்ணன் ஒரு நாள் காலையிலேயே வந்து நின்றார். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து அவர் அப்பா காலத்தில் மலையேறிய குடும்பம். கையில் ஒரு கொத்துக் கொழுந்து, இலை முழுக்கக் கரும்புள்ளி. "ஏனுங்க, கொசு புடிச்சிருக்குது. என்ன மருந்துங்க?" என்றார்.

தேயிலைக்காரர்கள் கொசு என்று சொல்வது மனிதரைக் கடிக்கிற கொசுவை அல்ல. கொழுந்தில் சாறு உறிஞ்சுகிற ஒரு பூச்சியை. அதற்கு ஆறு கால் உண்டு, இறக்கை உண்டு, கடலைக் கண்டதில்லை. என் படிப்புக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி இல்லை என்று பொறுமையாகச் சொன்னேன். உள்ளுக்குள் எரிச்சல்தான். இத்தனை படித்தும் ஒரு இலைக்கு மருந்து சொல்லத் தெரியவில்லையே என்ற எரிச்சல், அவர் மேல் அல்ல. மருந்து விற்கிறவரிடமாவது கேட்டுப் பாருங்கள் என்றேன். அவர் கொழுந்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "விடுங்க பாப்பா. ஃபேக்டரிக்காரன் வேண்டாங்கறான். இப்ப எங்க எலையை விரும்பி எடுக்கறது அந்தக் கொசு ஒண்ணுதானுங்க."

பேர்

குப்பி கடைசியில் லயத்துக் குழாயடிக்கு வந்து சேர்ந்தது. அம்மாவோடு கொழுந்து பறித்த செல்லம்மாக்கா அதை வாங்கிப் பார்த்தார். அம்மாவைப் போலவே இலங்கைத் தோட்டத்திலிருந்து இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்டு வந்தவர். "இதுக்கு என்னா பேரு?" என்று கேட்டார். அது புதிய இனமாக இருக்கலாம். அறிஞர்கள் இன்னும் கூடிப் பேசிப் பெயர் சூட்டவில்லை. ஊருக்கு வந்தால் எனக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "இதுக்கு இன்னும் பேர் போடலக்கா" என்று சொல்லிவிட்டேன்.

குடம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தோட்டத்தில் பேர் என்றால் துரையின் கணக்கில் ஏறும் ஒரு நாள் உழைப்பு. கொழுந்து நிறைய எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். பேர் போடவில்லை என்றால் அன்றைக்குப் பட்ட பாடெல்லாம் வீண். தோட்டம் மூடின நாளிலிருந்து அந்தக் குழாயடியில் ஒருத்திக்கும் பேர் விழவில்லை. நான் சொன்னதை விளக்குவதற்குள் செல்லம்மாக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "வெந்நித் தண்ணிக்குள்ள நின்னு கெடக்கு, அதுக்குப் பேர் போடலியா? யாரு புள்ள அந்தத் தொர?"

ரெண்டு தாள்

இன்னொரு தடவை வேலையை முடிக்காமல் தாள்களோடு வந்துவிட்டேன். மரபணு என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நாலே எழுத்து, மாறி மாறிப் பக்கம் பக்கமாக ஓடும். இரண்டு புழுக்களின் எழுத்து வரிசையை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, எங்கே வித்தியாசம் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். கண் பூத்துப் போகும். என் முன்னால் இருந்தவை இரண்டு வேறு ஊற்றுகளின் புழுக்கள், நடுவில் அவ்வளவு கடல். எழுத்துகள் அநேகமாக ஒன்றேபோல இருந்தன. ஒரே வம்சம்.

செல்லம்மாக்கா பக்கத்தில் வந்து குந்தினார். விஷயத்தைச் சொன்னேன். தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒப்பந்தத்தின்போது அவருக்கு இந்தியா என்று எழுதினார்கள். அவருடைய அக்காவுக்கு இலங்கையிலேயே பிரஜாவுரிமை கிடைத்தது. கலவரத்துக்குப் பிறகு கடிதம் நின்றுபோனது. "ரத்தத்த வச்சு எங்கக்காவக் கண்டுபுடிக்க ஏலுமா?" என்று கேட்டார். மிஷின் ஆளைத் தேடாது அக்கா, இரண்டு பேருடைய ரத்தமும் முன்னால் இருந்தால்தான் உறவா இல்லையா என்று சொல்லும் என்றேன். அவர் தாளைத் தட்டிச் சமன் செய்து என்னிடம் கொடுத்தார். "ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருந்தா மிசினு எதுக்கு பாப்பா? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

பெருசும் குட்டியும்

செல்லம்மாக்காவும் கடைசியில் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அந்த வரிசையில் விளக்கு எரிவது எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று கேள்விப்பட்டு, இந்தத் தடவை அம்மா இல்லாமல் திரும்புவதில்லை என்று கிளம்பினேன். போனபோது அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள். மூடின தோட்டத்தில் யார் கேட்டுக் கொழுந்து எடுக்கிறாய் என்றால், எடுக்காவிட்டால் செடி மரமாகிவிடும் என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சண்டை போட்டேன். அழுதேன். எதற்கும் மசியவில்லை. கடைசி ஆயுதமாகப் புழுவை எடுத்தேன்.

"கேளும்மா. அந்த வெந்நீர் ஊத்தும் ஒரு நாள் அடங்கிரும். அங்கேயே இருக்கிறது எல்லாம் செத்துரும். தண்ணியோட மிதந்து வேற ஊத்துக்குப் போறதுதான் பொழைக்கும். இங்கயும் ஊத்து அடங்கிருச்சு. கிளம்பு" என்றேன். இவ்வளவு தெளிவாக நான் எந்தக் கருத்தரங்கிலும் பேசியதில்லை.

அம்மா முடிச்சை இறுக்கியபடியே கேட்டாள்: "மெதந்து போறது எது? பெருசா, குட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. "குட்டிதான். பெருசு பாறையில குழாய் கட்டி ஒட்டிக்கிட்டிருக்கும். அதால நகர முடியாது."

"அப்புறம் என்னைய ஏன் புள்ள இழுக்குற? குட்டி நீ. நீ போய்ப் பொழைச்சுக்க."

"நீ மட்டும் கடல் தாண்டி வரலையா? தலைமன்னார்ல கப்பல் ஏறித்தானே வந்தே?" என்று மடக்கினேன்.

அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அன்னிக்கு நான் குட்டி."

அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நான் இப்போதெல்லாம் என் புழுவைப் பற்றி யார் கேட்டாலும் பாதிக்கு மேல் சொல்வதில்லை.