மூன்று ஜாயிண்ட் போட்ட காற்று ஹோஸ்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் என் மச்சானை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். முன்னால் நான்கு பல் இருக்காது. அவை எப்படிப் போயின என்று கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். வீட்டுக்குப் பின்னால் நாங்கள் இருவரும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறோம். அவருக்கு எதிலும் ஒரு கிண்டல், அதற்கு அவரே வாய் நிறையச் சிரிப்பார். அன்று ஒரு பழைய மெஷின் வாங்கி வந்திருந்தோம். கம்பிச் சுருளிலும் வெல்ட் அடிக்கலாம், ராடிலும் அடிக்கலாம், காற்று கொடுத்தால் தகடும் வெட்டும். கூடவே ஒரு கம்ப்ரெஸர். விற்றவர் பட்டறையை மூடிவிட்டவர். நாங்கள் சாமான்களை ஏற்றி முடிக்கும்வரை அவர் அந்தப் பட்டறைக்குள் காலே வைக்கவில்லை.

நல்ல பகல் வெளிச்சம். முதலில் கேஸ். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் கட்டினேன். ஒதுங்கி நின்று வால்வை ஒரு நொடி திறந்து மூடினேன். உஸ்... தூசி போனது. ரெகுலேட்டரை மாட்டி, மெஷினின் பின்பக்கத்துக்கு ஹோஸ் இழுத்தேன். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். கசிந்தால் நுரை பொங்கும். பொங்கவில்லை.

அடுத்தது காற்று.

"இந்தா மாப்ள, இது வண்டியிலேயே கெடந்துச்சு" என்று மச்சான் ஒரு கறுப்பு ஹோஸைத் தூக்கிப் போட்டார். நான்கு துண்டு. மூன்று இடத்தில் கிளாம்ப் போட்டு இணைத்திருந்தது. கருகிய ரப்பர் வாடை குப்பென்று அடித்தது.

ஒரு முனையைக் கம்ப்ரெஸரில் மாட்டினேன். மறுமுனையை அவர் எடுத்து என் காதில் வைத்தார்.

"ஊதட்டுமா? உள்ள மூளை இருக்கான்னு பாத்துருவோம்."

"ப்ளக்கே மாட்டல. எத ஊதப் போறீங்க?"

விழுந்து விழுந்து சிரித்தார். நான் முனையைப் பிடுங்கி மெஷினில் மாட்டி, கிளாம்பை இறுக்கி முறுக்கினேன். வழக்கம்போல ஹோஸ் ஜாயிண்டுகளிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன். காற்று விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன்.

நடு ஜாயிண்டில் ஒரு குமிழி வந்தது.

பெரிதானது. பிறகு சுருங்கியது. மறுபடி பெரிதானது... மறுபடி சுருங்கியது. தூங்குகிற ஆளின் மூச்சு மாதிரி.

கம்ப்ரெஸரின் ப்ளக் என் காலடியில் கிடந்தது. மீட்டர் முள் பூஜ்ஜியத்தில் நின்றது.

"மச்சான்... தள்ளி வாங்க."

"என்னடா, பேயப் பாத்தவன் மாதிரி..." என்று சிரிக்க வாயைத் திறந்தார்.

டப்!

நான் முறுக்கிய கிளாம்ப் தெறித்து என் கன்னத்தைக் கிழித்தது. ஹோஸ் எழுந்தது. பித்தளை முனை அவர் வாயில் அடித்தது. ஒரு அடி. இரண்டு. பல் உடைகிற சத்தம் கேட்டது.

மூன்றாவது அடியில் முனை உள்ளே போய்விட்டது.

மச்சான் மல்லாந்து விழுந்தார். வயிறு உப்பியது. சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன.

இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை. மடக்கிப் பிடித்தேன். நிற்கவில்லை.

உஸ்ஸ்ஸ்...

அவர் கண் மேலே செருகியது. என் அக்காவின் முகம்தான் என் நினைவுக்கு வந்தது.

கத்தியை எடுத்தேன். ஒரே வெட்டு.

வெட்டுவாயிலிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. அதில் ஒரு குரல்.

"போதும்டா... வெளையாண்டது போதும்டா..."

ஹோஸ் துவண்டு விழுந்தது. வாய்க்குள் இருந்த துண்டை உருவி எறிந்தேன்.

என் அலறல் கேட்டு அக்கா ஓடி வந்தாள். ரத்தத்தில் வழுக்கி விழுந்தாள். இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரைப்பை கிழிந்திருந்தது. ஆப்பரேஷன் செய்து எப்படியோ பிழைக்க வைத்துவிட்டார்கள். அவர் கண் விழிக்கும்வரை அக்கா வாசலைவிட்டு நகரவில்லை.

மறுநாள் நேராக விற்றவர் வீட்டுக்குப் போனேன். சட்டையைப் பிடித்துக் கேட்பது என்றுதான் போனேன்.

"அந்த ஹோஸ ஏன்யா எங்க தலையில கட்டுன?"

அவர் முகம் வெளிறிவிட்டது. "நான் ஹோஸே தரலையே தம்பி."

என்னை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னார். அவருடைய பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரம். வேலையாட்கள் சும்மா ஒரு விளையாட்டுக்கு, கூட வேலை செய்கிறவனை அமுக்கிப் பிடித்து, வாயில் காற்று ஹோஸை வைத்துத் திறந்துவிட்டார்கள். வெளையாண்டது போதும்டா என்று அவன் கெஞ்சியிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்களாம். அவன் அங்கேயே செத்துப்போனான்.

"அந்த ஹோஸ நான்தான் நாலு துண்டா வெட்டி எரிச்சேன். சாம்பலாகுற வரைக்கும் அங்கயேதான் நின்னேன்."

வீட்டுக்கு வந்தேன். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். பட்டறையை நான் பூட்டிய பூட்டு அப்படியே தொங்கியது. திறந்தேன்.

தரையில் ரத்தம் காய்ந்து கிடந்தது. நான் வெட்டிப் போட்ட இடத்தில் ஹோஸ் இல்லை. சுவரில் ஆணியில் அழகாகச் சுருட்டி மாட்டியிருந்தது.

ஜாயிண்டுகளை எண்ணினேன். நான்கு.

நான் வெட்டிய இடத்தில் ஒரு புதுக் கிளாம்ப். அதன்மேல் ஈரமான சோப்புக் குமிழி ஒன்று... பெரிதாகிச் சுருங்கிக்கொண்டிருந்தது.