பேப்பரில் இல்லாத பாதை

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைதான். எதையும் வாய்விட்டு வாசித்தால்தான் எனக்கு மனசில் ஏறும். பஸ்சு போர்டைக்கூட முணுமுணுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். அதனால் நாலு பேர் இருக்கும் இடத்தில் வாசிக்கக் கூச்சம். ஆனால் பத்திர எழுத்தர் ஆபீசில் ஒருநாள் வாசிக்கும்படி ஆகிவிட்டது.

சிலமலைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர் சரிவு நிலம் விலைக்கு வந்திருந்தது. மலைமேல் ஏலக்காய் ஸ்டோரில் கூலிக்குக் காய் உலர்த்திச் சேர்த்ததையெல்லாம் போட்டு நாங்கள் வாங்கும் முதல் இடம். சும்மா விட்டுவைத்தாலே பின்னால் நல்ல விலைக்குப் போகும் என்றார்கள். ஒரே ஒரு குறை. அங்கே போவதற்கு விற்கிறவருடைய மாந்தோப்புக்குள் நுழைந்துதான் போக வேண்டும். ஒப்பந்தத்தில் பாதை என்று ஒரு வரி இல்லையென்றால், நாளைக்கு அவர் பிள்ளைகள் வேலி கட்டும்போது, வாங்கின இடத்தை ரோட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

"விக்கிற அண்ணன்கிட்ட நேராக் கேளுங்க" என்றாள் வீட்டுக்காரி. இரண்டு தடவை போனேன். முதல் தடவை மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். அடுத்த தடவை, "நம்ம தோப்புதான தம்பி, தாராளமாப் போ, வா. யாரு தடுக்கப் போறா?" என்று அவரே சொல்லி, ஒரு பை மாங்காயும் கொடுத்தனுப்பினார். பையோடு வந்தவனை அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

பிறகு தன் அப்பா வீட்டுப் பழைய பத்திரத்தில் இருந்த பாதை வரியை எடுத்து, எழுத்தர் ஆபீசில் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்று என்னை மனப்பாடம் பண்ண வைத்தாள். ஸ்டோருக்குப் போகும் ஜீப்பில், போடிமெட்டு மலைப்பாதையில் வளைவுக்கு ஒரு தடவை அதைச் சொல்லிக்கொண்டே ஏறினேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, நான் ஏதோ மந்திரம் சொல்வதாக நினைத்துத் தள்ளி உட்கார்ந்தது.

எழுத்தர் ஒப்பந்தத்தை அச்செடுத்து மூச்சுவிடாமல் படித்தார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இவரு ஒருக்கா வாசிக்கணுமாம்" என்றாள் வீட்டுக்காரி.

பேப்பரை வாங்கி, விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, சத்தமாக ஆரம்பித்தேன். "வ-டக்கே ஓடை..." பெஞ்சில் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான்கெல்லையும் முடிந்தது. பாதை இல்லை. அடுத்த வரி முன்பணத்துக்குத் தாவிவிட்டது. நிமிர்ந்து, எதிரே இருந்த விற்கிறவர் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லை. குனிந்தபடியே இருந்தேன். வாய் மட்டும் அதே இழுவையில் போய்க்கொண்டிருந்தது.

"மேற்படி நிலத்துக்கு, எழுதிக்கொடுப்பவரின் தோப்பு வழியாக, ஆள் நடக்கவும், ஜீப்பு லோடு போகவரவும், என்றென்றைக்கும் பாதை பாத்தியம் உண்டு."

பழைய பத்திரத்தில் மாட்டுவண்டிதான் இருந்தது. ஜீப்பு எப்படி வந்ததென்று எனக்கே தெரியவில்லை.

விற்கிறவர் "ம்" கொட்டினார். எழுத்தர் தலையைத் தூக்கினார். "அண்ணே, அப்பிடி ஒரு வரி நான் எழுதவே இல்லையே."

விற்கிறவர் பேப்பரை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துத் தேடினார். "எங்க இருக்குப்பா?"

"இல்லண்ணே. இருந்தா நல்லாருக்கும்" என்றேன். சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வந்ததுதான், ஆனால் நிற்கவில்லை. வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

"வாயத் தொறக்காம மாங்கா வாங்கிட்டுப் போன ஆளா இவன்?" என்றார் விற்கிறவர். அவருக்கும் சிரிப்பு முட்டியது. "அவன் வாசிச்சிட்டான், நானும் ம்னுட்டேன். ஏத்திப்புடுங்க." பேப்பரை என்னிடமே நீட்டினார். "தம்பி, அதுக்கடுத்த வரியையும் வாசி. ஒவ்வொரு தடவையும் தோப்புக் கேட்டைச் சாத்திட்டுப் போகணும்னு இருக்கா பாரு. மாடு உள்ள வந்துரும்."

விரலை வைத்துப் பார்த்தேன். "இருக்குண்ணே" என்று அதையும் இழுத்து வாசித்தேன்.

"ரெண்டு பேரும் சேந்து முழுசா வாசிச்சு முடிங்க, நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று எழுத்தர் எழுந்துவிட்டார்.

அவர் திரும்பி வந்து, இரண்டு வரியையும் சேர்த்துப் புதுசாக அச்செடுத்துக் கொடுத்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். பாதை வரி வந்தது. இந்தத் தடவை விரலுக்குக் கீழே எழுத்து இருந்தது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை வாசித்தேன். பிறகு இன்னொரு தடவை.

விற்கிறவர் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். "பாதை ஒண்ணுதான் தம்பி, அதுக்குள்ள மூணு நடை போயிட்டு வந்துட்ட. கையெழுத்தப் போட விடு" என்றார்.