பெயர் மட்டும் அவருடையது

சதுரங்கப்பட்டினத்தில் படகுகளுக்குப் பெயர் வெட்டி ஒட்டும் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் ரத்னாவுக்கு எழுத்து சரியில்லை என்றால் சோறு இறங்காது. படகின் பெயர் கரையிலிருந்தே தெரிய வேண்டாமா? இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு ஃபாண்டை எடுத்து, மூன்று மாதம் மல்லுக்கட்டி, சுழிகளை அகலமாக்கி, கால்களைத் தடிப்பாக்கினாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமத்திலேயே போட்டிருந்தது. அதனால் பழைய பெயரிலேயே இணையத்தில் ஏற்றினாள். நாகப்பட்டினம் வரை கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நாற்பது வயதில் அவள் ஊருலகத்துக்குக் கொடுத்த முதல் பொருள் அது.

பத்தாம் நாள், மூல ஃபாண்டைச் செய்த அரவிந்தனிடமிருந்து மெயில் வந்தது. “வேலை அருமை. ஆனால் உரிமத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள், இந்தப் பெயரை எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். மாற்றிய ஃபாண்டுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.”

ரத்னாவுக்குச் சுருக்கென்றது. பட்ட பாடெல்லாம் போய்விடுமோ?

“ஃப்ரீயா குடுத்துட்டு பேருக்கு மட்டும் இன்னா பிகு?” என்று புருஷன் ஜெகதீசனிடம் பொரிந்தாள்.

அவன் சிரித்தான். “கோவளத்தாரு அவரு போட்டை நமக்கு வித்தப்ப இன்னா பண்ணாரு? போட்டு உன்னுது, பேரு எங்க வூட்டுதுன்னு அவரே சுரண்டிட்டுப் போவல? நான் குதிச்சேன். நீதான நாயம்னு சொன்ன?”

சொன்னவள் அவளேதான். அந்தக் கரையில் விற்ற படகோடு பெயர் போவதில்லை. விற்றவரின் அடுத்த படகுக்கு அது வேண்டும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டா இப்படிச் செய்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே, யாரையும் கேட்காமல், ஃபைலுக்கு ‘ரத்னா’ என்று தன் பெயரையே வைத்தாள். திறந்து பார்த்தால் பழைய பெயர்தான் பல்லைக் காட்டியது! ஃபாண்டுக்கு உள்ளேயும் பெயர் எழுதியிருக்கும் என்பது மறந்துபோயிருந்தது.

“வெளிய சுரண்டிட்டு உள்ள வுட்டுட்டியா?” என்றான் ஜெகதீசன்.

“சும்மா கீறியா கொஞ்சம்?” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஒவ்வோர் இடமாக மாற்றினாள். அரவிந்தன் மூல ஃபாண்டைச் செய்தவர் என்ற வரியை மட்டும் அப்படியே விட்டு, மறுபடி ஏற்றி அவருக்கும் தெரிவித்தாள்.

“இப்போது சரி. விரும்பினால் நீங்களும் உங்கள் பெயரை ஒதுக்கிக்கொள்ளலாம்,” என்று பதில் வந்தது. விடுவாளா? உரிமத்தில் ஒரு வரி சேர்த்தாள்.

ஜெகதீசனின் படகு அதுவரை வெறும் நம்பரோடு ஓடிக்கொண்டிருந்தது. சாமி பெயரா, அம்மா பெயரா என்று வீட்டில் இழுபறி. சனிக்கிழமை அவன் கடைக்கு வந்து நின்றான்.

“போட்டுக்கு பேரு வெட்டு.”

“இன்னா பேரு?”

“ரத்னா.”

அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “அது ஒதுக்கின பேரு. கேட்டுட்டுதான் வெக்கணும்.”

“கேக்கதான் வந்துகீறேன்.”

ரத்னா அளவுகூடக் கேட்கவில்லை. இரண்டடி உயரத்துக்கு வெட்டினாள்.