வண்டிக்கு வந்த ஸ்ட்ரோக்

போன வருஷம் என் பழைய பைக்கின் இன்ஜினைப் பெரிதாக்க ஆசைப்பட்டேன். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்துக்கு ஸ்ட்ரோக் என்று பெயர். பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்கை மாற்றி அந்தத் தூரத்தைக் கூட்டினால் இழுவை கூடும். திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் செய்து தருவதாகச் சொன்னார். நான் இருப்பது விழுப்புரத்தில். அதனால் எதற்கு எவ்வளவு ஆகும் என்று அவரோடு போனிலேயே பேசி வந்தேன். மனைவிக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டம் அன்றோடு முடிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவெண்ணெய்நல்லூரிலிருந்து என் அத்தை வந்திருந்தார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். கூடத்தில் படுத்திருந்த அத்தை தூங்குவதாக நினைத்து, வாசலில் நின்று மெக்கானிக்கிடம் பேசினேன்.

"ஸ்ட்ரோக்குக்குத்தாண்ணே பாதி செலவு போவுது. தொறந்து பாத்தாதான் உள்ள இன்னா நெலமைன்னு தெரியும்ன்றீங்க. சரி, தொறந்துடுங்க. வால்வும் பழசுதான், மாத்திடுங்க. வீட்ல இன்னும் சொல்லல. சொன்னா ஊரக் கூட்டிடுவா."

அத்தை காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். கிளம்பும்போது என் வாயையே உற்றுப் பார்த்தார். கோணியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். அது பிறகுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த ஞாயிறு அத்தையும் மாமாவும் ஒரு வேன் நிறைய உறவுக்காரர்களோடு வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு சாத்துக்குடிப் பை. மாமா என் இடது கையைத் தூக்கி, "வெரல மடக்கு பாக்கலாம்" என்றார். மடக்கினேன். "நல்லாத்தான் மடக்கறான்" என்று எல்லாரிடமும் சொன்னார். அத்தை, மல்லாட்டை என்கிற நிலக்கடலையை விற்ற காசை என் மனைவி கையில் திணித்தார்.

"உங்கிட்ட மறைச்சிக்கினு இருக்கான்மா. ஸ்ட்ரோக்காம். வால்வு மாத்தப் போறாங்களாம்."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வேறு வழியில்லை.

"அத்த, ஸ்ட்ரோக் எனக்கில்ல. வண்டிக்கு."

மாமா என் கையை விட்டார். அத்தை பணத்தைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "சாத்துக்குடி இருக்கட்டும், பசங்க துன்னும்" என்றார்.

எல்லாரும் போனபின் மனைவி கணக்கைச் சொல்லச் சொன்னாள். கிராங்க், பிஸ்டன், வால்வு, கிளட்ச், லேத் கூலி என்று ஒப்பித்தேன். கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"வேகமா போறதுக்கு இவ்ளோ போட்டிருக்கீங்க. நிக்கறதுக்கு இன்னா போட்டிருக்கீங்க?"

பிரேக்கை நான் யோசிக்கவே இல்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவரும் யோசிக்கவில்லை. முதலில் பிரேக், மீதி இருந்தால் இன்ஜின் என்று மனைவி முடிவு செய்தாள். டிஸ்க் பிரேக்கிலும் இரண்டு புது டயரிலும் நான் சேர்த்து வைத்திருந்த பணம் தீர்ந்தது.

இன்ஜின் அதே இன்ஜின்தான். மேம்பாலம் ஏறும்போது பின்னால் வரும் டவுன் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். வண்டியை எடுத்துக்கொண்டு திண்டிவனத்திலிருந்து திரும்பிய அன்று ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கைத் தொட்டேன். அப்படியே நின்றது. பின்னால் இருந்த மனைவியின் நெற்றி என் ஹெல்மெட்டில் மோதியது.

"நல்லா நிக்குது" என்றாள், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.